செத்தவர் திருத்திய எண்

அத்தியாயம் 4

“இது எப்ப எழுதினதுன்னு பார்த்துச் சொல்லணும் சார். அவ்வளவுதான்” என்றாள் சௌமியா. கரண்ட் பில் கட்ட வந்தவள் பேசுகிற குரல் அது.

பாக்கியராஜ் அவள் நீட்டிய செல்போனை வாங்கிப் பார்த்தார். ஏதோ ஒரு டியூஷன் சென்டரின் கரும்பலகை. கட்டம் கட்டமாக வருஷங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே எண்கள். அதில் பாதி எண்களை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கீழே வேறு எண் எழுதியிருந்தது. பலகையின் வலது பக்கத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் இரட்டைச் சடைத் தலை மறைத்துக்கொண்டிருந்தது.

“யார் எழுதினது?”

“என் வீட்டுக்காரர்.”

“அப்புறமென்ன, அவரையே கேட்டுட்டாப் போச்சு” என்றாள் பக்கத்து மேசையில் இருந்த ரூபி.

“அவர் செத்து ரெண்டு வருஷம் ஆகப்போகுதுங்க.”

ரூபி வாயை மூடிக்கொண்டாள். அந்த அலுவலகத்தில் அவள் வாய் மூடியிருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. சம்பளம் பாதி துப்பறிவதற்கு, பாதி தன்னைச் சகித்துக்கொள்வதற்கு என்று பாக்கியராஜ் அவளிடமே சொல்லியிருக்கிறார். அது தப்பு சார், சகிப்புக்குத் தனியா தரணும் என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஓசூர் பாகலூர் ரோட்டில், செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில், பாக்கியராஜின் துப்பறியும் நிலையம். பெயர்தான் பெரிசு. கம்பெனியில் பர்மனென்ட் என்று சொல்லிப் பெண் கேட்கிற மாப்பிள்ளை உண்மையில் கான்ட்ராக்டா, நைட் ஷிப்ட் என்று கிளம்புகிற புருஷன் அத்திப்பள்ளியில் எந்த வீட்டுக்குப் போகிறான், இதுதான் தினசரிப் பிழைப்பு. அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழாதவர்கள் குறைவு. பார்த்துப் பார்த்து பாக்கியராஜுக்கு மனசு மரத்துப்போய் வெகுகாலம் ஆயிற்று. யார் அழுதாலும் கை தானாக டிஷ்யூ டப்பாவைத் தள்ளும், அவ்வளவுதான். தன்னைவிட மரத்துப்போன ஒருத்தியை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

சௌமியா கதையைக் கோவையாகச் சொன்னாள். புருஷன் திருமலை மத்திகிரியில் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியவர். 2023 ஐப்பசி மழையில் ஒருநாள் வெளியே போனவர் திரும்பவில்லை. கெலவரப்பள்ளி அணைக் கரையில் அவருடைய பைக்கும் செருப்பும் கிடந்தன. ஒரு வாரம் கழித்து ஒரு உடல் ஒதுங்கியது. தம்பி விஜயகுமார் போய்ப் பார்த்துவிட்டு எங்கண்ணன்தான் என்று சொன்னார். பார்க்கிற நிலைமையில் இல்லை என்று அவளைக் கிட்டவே விடவில்லை. காரியம் முடிந்தது. இறப்புச் சான்றிதழும் வந்தது. இப்போது அவள் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே குவாலிட்டி செக்ஷனில் இருக்கிற ஹரீஷ்குமார் அவளைக் கட்டிக்கொள்ள முன்வந்திருக்கிறார். இந்த நேரம் பார்த்து, பரீட்சைக்குப் படிப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இந்தப் போட்டோ சுற்றி வந்திருக்கிறது.

“எழுத்து அவரோடதுதான். பழைய போட்டோன்னு கொழுந்தனார் சத்தியம் பண்றாரு. ஞாயித்துக்கிழமை கல்யாணம் சார். அவர் செத்திருந்தா தாலி கட்டிக்குவேன். உயிரோட இருந்தா அது கல்யாணமே இல்ல. ரெண்டுல ஒண்ணு நீங்க சொல்லணும்.”

“உங்களுக்கு எது வேணும்மா?” என்று பாக்கியராஜ் கேட்டார். தொழிலுக்கு வேண்டாத கேள்வி. எப்படியோ வாயில் வந்துவிட்டது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எதுவும் தோணல சார்.”

அவள் படியிறங்கிப் போனதும் ரூபி போட்டோவைத் தன் போனில் பெரிதாக்கினாள். “நிதிப் பற்றாக்குறை சார் இது. டெல்லி கவர்மென்ட் கணக்கு.”

“தமிழ்ல சொல்லு.”

“தமிழ்லதான் சொன்னேன். நாடு முழுக்க வருஷத்துக்கு நூறு ரூபாய்க்கு உற்பத்தி ஆகுதுன்னு வையுங்க. அரசாங்கம் தன் வரவுக்கு மேல எத்தனை ரூபா கடன் வாங்கிச் செலவு பண்ணுதோ, அதான் இந்த நம்பர். நான் மூணு தடவ குரூப் டூ எழுதி மூணு தடவயும் ஊத்திக்கிட்டவ சார். ஊத்திக்கிட்ட பாடம் ஜென்மத்துக்கும் மறக்காது.”

“முதல்ல தம்பியைப் பாப்போம். கிளம்பு.”

விஜயகுமாருக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. இவர்கள் போனபோது ஏலம் ஓய்ந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் நசுங்கிய தக்காளி. கூலியாட்களிடம் தெலுங்கில் ஒரு அதட்டு, லாரிக்காரரிடம் கன்னடத்தில் ஒரு கெஞ்சல், நடுவில் இவர்களிடம் தமிழ் என்று அவர் மூன்று பாஷையில் பிழைத்துக்கொண்டிருந்தார்.

“பழைய போட்டோங்க அது. மத்திகிரி கிளாஸ்ல எடுத்தது. இதுக்குப் போய்த் துப்பறியறவங்களைக் கூட்டிக்கினு... அண்ணிக்கு என்னாச்சுன்னே தெரியல.”

“உடம்பைப் பாத்தது நீங்கதானே? முகத்தைப் பாத்தீங்களா?”

விஜயகுமார் பார்வையைத் தக்காளிப் பெட்டிக்குத் திருப்பினார். “மூஞ்சி ஏது சார் அங்க. அரைஞாண் கயிறு கறுப்பா இருந்துச்சு. அண்ணனும் கறுப்புதான் கட்டுவாரு.”

“நம்ம மாவட்டத்துல பாதி ஆம்பளைங்க கறுப்புதாண்ணா கட்டுறாங்க” என்றாள் ரூபி.

“எனக்கு மட்டும் தெரியாதாம்மா?” அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. “கிளாஸ் நடத்துறேன்னு ஊரெல்லாம் வட்டிக்கு வாங்கி வெச்சிருந்தாரு. தினமும் நாலு பேர் வந்து அண்ணி வாசல்ல பைக்கை நிறுத்திக்கினு உக்காந்துக்குவானுங்க. ஆள் செத்துட்டாருன்னு ஒரு நெருப்பு வெச்சாத்தான் அவனுங்க எழுந்து போவானுங்கன்னு தோணுச்சு. போனானுங்க. அதுல என்ன தப்பு?”

தப்பு இருந்தது. ஆனால் பாக்கியராஜின் கவனம் பக்கத்து மண்டிக்குப் போயிருந்தது. ஒரு விவசாயி மண்டிக்காரரிடம் மல்லுக்கு நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போது பெட்டி நானூறுக்குப் போகும் என்று நினைத்து வந்தேன் என்கிறார் அந்த ஆள். ஏலத்தில் முந்நூற்றைம்பது. கமிஷன், ஏற்றுகூலி, கழிவு எல்லாம் போகக் கையில் வந்தது அதற்கும் கீழே. அதே தக்காளி, அதே பெட்டி. விலை மட்டும் மூன்று.

“ரூபி, அந்தப் போட்டோவை எடு. ஒரு வருஷத்துக்கு ஒரு நம்பர்தானே இருக்கணும்? இந்த ஆள் எதுக்கு மூணு எழுதி ரெண்டை அடிச்சிருக்காரு?”

“பட்ஜெட்டே அப்படித்தான் சார். பிப்ரவரியில வரப்போற வருஷத்துக்கு இவ்வளவு வரவு, இவ்வளவு செலவு, இவ்வளவு கடன்னு ஒரு மதிப்பீடு போடுவாங்க. அடுத்த பிப்ரவரியில, போன தடவ சொன்னது கொஞ்சம் மாறிப்போச்சுன்னு அதே வருஷத்துக்குத் திருத்தின மதிப்பீடு. கணக்கெல்லாம் மூடின பிறகு உண்மையான நம்பர். ஆசை, சமாளிப்பு, நிஜம். கல்யாண வாழ்க்கை மாதிரி.”

“உனக்குக் கல்யாணமே ஆகலையே?”

“இந்த ஆபீஸ்ல உக்காந்து பாத்தது போதாதா சார்? இங்க பாருங்க, 2020-21. மூணரைன்னு சொன்னாங்க. கொரோனா வந்துச்சு, ஒன்பதரை ஆச்சு. கடைசியில ஒன்பது புள்ளி ரெண்டு. இவர் பழசை அழிக்க மாட்டாரு போலிருக்கு. அரசாங்கம் என்ன சொல்லி என்ன செஞ்சுதுன்னு பசங்களுக்குத் தெரியணும்னு அடிச்சு அடிச்சு எழுதுறாரு.”

“தெரியற கடைசி வருஷம் என்ன?”

“2023-24. அஞ்சு புள்ளி ஒன்பது அடிச்சிருக்கு. அஞ்சு புள்ளி எட்டு, அதுவும் அடிச்சிருக்கு. அஞ்சு புள்ளி ஆறு.”

“அந்த ஆறு எப்ப வந்தது?”

“அந்த வருஷக் கணக்கு 2024 மார்ச்ல முடியும். மே கடைசியில முதல் கணக்கு வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதைத்தான் பரீட்சையில...” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். “சார்!”

“ஆள் போனது 2023 ஐப்பசியில” என்றார் பாக்கியராஜ். “அப்ப தெரிஞ்சது அந்த அஞ்சு புள்ளி ஒன்பது மட்டும்தான். செத்தவருக்கு அஞ்சு புள்ளி ஆறுன்னு யாரும்மா போய்ச் சொன்னது?”

வேறு யாராவது இருந்தால் துள்ளியிருப்பார்கள். பாக்கியராஜுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் முன்பெல்லாம் வயிற்றுக்குள் ஜிவ்வென்று ஒன்று எழும். இப்போது பசிதான் எழுந்தது. மண்டிக்கு எதிரே இருந்த கடையில் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டார்கள்.

“இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஜன்னல் வழியா ஏதாவது தெரியுதா பாரு.”

“கண்டுபிடிச்சாச்சு சார். அந்த குரூப்ல நானும் சேர்ந்து, போட்டோ போட்ட பொண்ணுக்கு, அட்மிஷன் இருக்கா சிஸ்டர்னு ஒரு மெசேஜ் தட்டினேன். ஃபீஸ், டைமிங், லொகேஷன் எல்லாம் அனுப்பிட்டா. சாமல்பட்டி. ஸ்டேஷன் பக்கத்துல உரக்கடை மாடி.”

“நான் ஜன்னலை ஆராயலாம்னு இருந்தேன்.”

“நீங்க ஆராயுங்க சார், நான் கார்ல உக்காந்திருக்கேன்.”

கிருஷ்ணகிரி வந்து, ஊத்தங்கரை ரோடு பிடித்து, சாமல்பட்டி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உரக்கடையின் பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே தகரக் கொட்டகையில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். காட்டு வேலை முடித்துவிட்டு வந்த முகங்கள் பாதி. பலகைக்கு முன்னால் தாடி வைத்த ஒல்லியான ஒரு ஆள், கையெல்லாம் சாக்பீஸ் தூள். இரண்டு பேரும் சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள்.

இப்போது பலகை முழுசாகத் தெரிந்தது. 2024-25க்கு ஐந்து புள்ளி ஒன்று, அடித்து நாலு புள்ளி ஒன்பது, அதையும் அடித்து நாலு புள்ளி எட்டு. இந்த வருஷத்துக்கு நாலு புள்ளி நாலு, இன்னும் அடிபடாமல்.

“அப்ப கடன் குறையுதுங்களா சார்?” என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

“எல்லாரும் பண்ற தப்பு இது. பற்றாக்குறை குறைஞ்சா புதுசா வாங்குற கடனோட வேகம் குறையுதுன்னுதான் அர்த்தம். மொத்தக் கடன் ஏறிக்கிட்டேதான் இருக்கும். நாட்டோட வருமானம் அதைவிட வேகமா ஏறினா பாரம் தெரியாது. ஏறலன்னா தெரியும்.” அவர் ஒரு வட்டம் போட்டார். “அரசாங்கம் செலவு பண்ற ஒரு ரூபாய்ல இருபது பைசா பழைய கடனுக்கு வட்டி. அந்த ஒரு ரூபாய் வர்ற வழியில இருபத்து நாலு பைசா புதுக் கடன். எழுதிக்குங்க.”

நல்ல வாத்தியார்தான். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாவிட்டாலும் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ரூபி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வதைப் பார்த்து பாக்கியராஜ் முறைத்தார்.

வகுப்பு கலைந்ததும் அவர் இவர்களிடம் வந்தார். “யாருக்கு அட்மிஷன்?”

“மத்திகிரியிலேருந்து வர்றோம், திருமலை சார்” என்றார் பாக்கியராஜ்.

திருமலை ஓடவில்லை. உட்கார்ந்தார். சாக்பீஸ் கையை வேட்டியில் துடைத்தார், அது தூளை இடம் மாற்றியதே தவிரப் போகவில்லை.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அஞ்சு புள்ளி ஆறு.”

அவர் திரும்பிப் பலகையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

“பேரை விட்டீங்க, ஊரை விட்டீங்க, மூஞ்சியில தாடி வளத்தீங்க. இந்தக் கோடு அடிக்கிற பழக்கத்தை விட்டிருக்கலாமே?”

“தப்பான நம்பரை எப்படி சார் போர்டுல விட்டு வைக்கிறது?”

“ஆமாமா” என்றாள் ரூபி. “பொண்டாட்டியை விடலாம். நம்பரை விடலாமா?”

திருமலை அவள் பக்கம் திரும்பினார். “அரசாங்கம் வருஷா வருஷம் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனுக்கு வட்டி கட்டுதும்மா. அதையேதான் நானும் செஞ்சேன். ஆனா அரசாங்கத்துக்குச் சாவு கிடையாது, வரி வரும், நாளைக்கும் கடன் கொடுப்பாங்க. எனக்கு அதெல்லாம் இல்லன்னு புத்திக்குத் தெரியும். பாடமே நடத்தியிருக்கேன். ஆனாலும் அடுத்த பேட்ச் சேர்ந்தா அடைச்சிடலாம்னு ஒவ்வொரு மாசமும் ஒரு மதிப்பீடு போட்டேன். எதுவும் நிக்கல. அன்னைக்கு அணையில குதிக்கத்தான் போனேன். தண்ணியைப் பாத்ததும் பயமாயிடுச்சு. செருப்பை மாட்டாமயே நடந்து போய் பஸ் ஏறிட்டேன்.”

“ஒதுங்கின உடம்பு?”

“பேப்பர்லதான் படிச்சேன். யாரோ, பாவம். என் பேர்ல எரிஞ்சுட்டாரு. அதைப் படிச்சப்பகூட எனக்கு ஒண்ணும் ஆகல சார். மறுநாள் வந்து கிளாஸ் எடுத்தேன்.”

“ஞாயித்துக்கிழமை உங்க வீட்டம்மாவுக்குக் கல்யாணம்.”

திருமலையின் முகத்தில் ஏதாவது ஓடுமா என்று பாக்கியராஜ் உற்றுப் பார்த்தார். ஒன்றும் ஓடவில்லை.

“நடக்கட்டும் சார். நான் தடுக்க மாட்டேன். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். அதானே எல்லாருக்கும் நல்லது?”

திரும்பும் வழியில் பர்கூர் மேம்பாலம் தாண்டும் வரை ரூபி வகுப்பில் குறித்ததையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “சார், இதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லணுமா? பாக்கலன்னு சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை மேளம் கொட்டி முடிஞ்சிடும். நாலு பேருக்கும் நிம்மதி” என்றாள்.

“நம்மகிட்டக் கேட்டது ஒரே கேள்வி ரூபி. அதுக்குக்கூடப் பொய் சொன்னா, நான் இந்தக் கடையை மூடிட்டு செல்போன் ரிப்பேருக்குப் போயிடலாம்.”

மத்திகிரியில் கால்நடைப் பண்ணைச் சுவரை ஒட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் சௌமியா வாடகைக்கு இருந்தாள். கட்டிலில் முகூர்த்தப் புடவை பிரிக்காத கவரோடு கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவள் யூனிபார்ம்கூட மாற்றவில்லை. இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

பாக்கியராஜ் சுற்றி வளைக்கவில்லை. “உயிரோட இருக்காரும்மா. சாமல்பட்டியில டியூஷன் எடுக்கறாரு. நேர்ல பாத்துப் பேசிட்டு வர்றோம்.”

“சரிங்க” என்றாள் சௌமியா.

ரூபிக்குப் பொறுக்கவில்லை. “என்னங்க, சரிங்கன்னு சொல்றீங்க? எப்படிக் கண்டுபிடிச்சோம்னாவது கேளுங்க! போர்டுல அஞ்சு புள்ளி ஆறுன்னு...”

“அது 2024 மே கடைசியில வந்த நம்பர்” என்றாள் சௌமியா. “தெரியும்.”

பாக்கியராஜுக்கு வெகுநாளைக்குப் பிறகு நெஞ்சுக்குள் ஏதோ இடறியது.

“நான் அவர்கிட்டப் படிச்ச பொண்ணுதாங்க. அப்புறம்தான் கல்யாணம். ஒவ்வொரு பிப்ரவரியும் அவர் நம்பர் சொல்லச் சொல்ல, அந்தக் கோட்டைப் போர்டுல அடிக்கறது நான்தான். போட்டோவைப் பாத்த நிமிஷமே ஆள் இருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்புறம் எதுக்கும்மா எங்களை அலையவிட்டீங்க?”

“சந்தோஷம் வரும்னு பாத்தேன், வரல. அழுகை வரும்னு பாத்தேன், அதுவும் வரல. கம்பெனிக்குப் போனேன், வந்தேன், சோறு ஆக்கினேன். வேற யாராச்சும் நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து வாயால சொன்னா உள்ள ஏதாவது அசையுமான்னு தெரிஞ்சுக்கத்தான் உங்ககிட்ட வந்தேன்.” அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “என்னைப் பத்தி என்ன கேட்டாரு?”

ரூபி தலை குனிந்துகொண்டாள். பாக்கியராஜ் உள்ளதைச் சொன்னார். “எதுவும் கேக்கல. கல்யாணத்தைப் பத்திச் சொன்னோம். நடக்கட்டும்னு சொன்னாரு. செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னாரு.”

“நடக்கட்டுமா?”

“ஆமாம்மா.”

“நடக்கட்டும்னு சொல்ல அவர் யாருங்க?”

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்தது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு வாங்கியது. “வாசல்ல நாலு ஆம்பளைங்க உக்காந்திருப்பானுங்க சார். அவனுங்களைத் தாண்டித்தான் குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குப் போவேன். யாருக்கோ கொள்ளி வெச்சு, என் பொட்டை அழிச்சாங்க. அங்க உக்காந்துக்கிட்டு எனக்கு உத்தரவு போடறாரா?” கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவள் துடைக்கவில்லை. பாக்கியராஜின் கை டிஷ்யூ தேடியது. அது அவர் அலுவலகம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஹரீஷ்குமார்.

“ஞாயித்துக்கிழமை கல்யாணம் வேண்டாங்க. எனக்கு முதல்ல விவாகரத்து வாங்கணும். எத்தனை நாள் ஆகும்னு தெரியல. உங்களுக்குக் காத்திருக்க முடியலன்னா அதையும் சொல்லிடுங்க.”

“விவாகரத்தா? யார்கிட்டேருந்து?” ஹரீஷ்குமாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “அவர் செத்துட்டாரே சௌமியா.”

“இல்லீங்க, இருக்காரு. நாளைக்கு நானே நேர்ல போய்ப் பாக்கப்போறேன்.”

“இருந்தா இருக்கட்டும். சர்ட்டிபிகேட்ல செத்தவர்தானே? யாருக்கும் தெரியாதுல்ல? அப்படியே விட்டுட்டா என்ன?”

சௌமியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“செத்தவரை விட்டுட்டு வர முடியாதுங்க. உயிரோட இருக்கறவரைத்தான் விட முடியும்.”